கனடாவில் புதிதாக இறங்குவோருக்கு: பி.ஆர். தாள்களும் நாள் கணக்கும்

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். நம்மில் பலர் பி.ஆர். என்பதை ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது குடியுரிமை அல்ல, நிரந்தர வதிவுரிமை. கனடாவில் வாழலாம், வேலை பார்க்கலாம், படிக்கலாம், மாகாணத்தின் பொது மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆனால் வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, கனடியக் கடவுச்சீட்டு கிடைக்காது. நிபந்தனையை மீறினால் இந்த உரிமையே பறிபோகவும் கூடும். ‘குடியுரிமை கிடைத்துவிட்டது’ என்று நம்பி, வந்த வேகத்தில் ஊருக்குத் திரும்பி மூன்று நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டுத் தவித்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வார இறுதிகளில் புதிதாக வருபவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவி வருகிறேன். அங்கே திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

விமானம் ஏறுவதற்கு முன்

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் உங்களுக்கு வருவது சி.ஓ.பி.ஆர். எனப்படும் வதிவுரிமை உறுதிப்படுத்தல் தாள். நம்மவர்கள் இதை ‘லேண்டிங் பேப்பர்’ என்பார்கள். இதில் ஒரு காலாவதித் தேதி இருக்கும். பெரும்பாலும் அது உங்கள் மருத்துவப் பரிசோதனை செல்லுபடியாகும் காலத்தையோ கடவுச்சீட்டின் காலத்தையோ ஒட்டி அமையும். அந்தத் தேதிக்குள் வந்து இறங்கியாக வேண்டும். அதை நீட்டித்துத் தர மாட்டார்கள். குடும்பத்தில் முதன்மை விண்ணப்பதாரர் முதலில் வர வேண்டும், அல்லது எல்லோரும் சேர்ந்து வர வேண்டும். மனைவியையும் பிள்ளைகளையும் முன்னால் அனுப்பிவிட்டு அவர் பின்னால் வர முடியாது.

தாளில் கையெழுத்திடும் இடம் இருக்கும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அது அதிகாரியின் முன்னால் போட வேண்டியது.

அடுத்து, எல்லாவற்றிலும் பெரிய பொறி. விண்ணப்பித்த பிறகு, தாள் கைக்கு வந்த பிறகும்கூட, குடும்ப நிலையில் எந்த மாற்றம் நடந்தாலும் குடிவரவுத் துறைக்கு அறிவித்தாக வேண்டும். திருமணம், குழந்தை பிறப்பு, விவாகரத்து, மரணம் எல்லாம் இதில் அடங்கும். நம் ஊரில் நடப்பது என்ன? விசா வந்துவிட்டது என்றதும் வீட்டில் அவசரமாகப் பெண் பார்த்து, இரண்டு வாரத்தில் தாலி கட்டி, ‘நீ போய் இறங்கு, பிறகு அவளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். பையன் விமான நிலையத்தில் ‘திருமணமாகவில்லை’ என்று கையெழுத்துப் போடுகிறான். குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117(9)(டி) பிரிவின்படி, பி.ஆர். ஆகும்போது அறிவிக்கப்படாத, பரிசோதிக்கப்படாத குடும்ப உறுப்பினரைப் பின்னாளில் குடும்ப வகையில் ஸ்பான்சர் செய்ய முடியாது. மனைவியைக் கூப்பிட வழியற்றுப் போவதோடு, பொய்த் தகவல் கொடுத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். அதற்குத் தண்டனை ஐந்து ஆண்டுத் தடை. உங்களோடு வராத பிள்ளைகளையும், முந்தைய மணத்தில் பிறந்து மறு பெற்றோரிடம் வளரும் பிள்ளைகளையும்கூட அறிவிக்க வேண்டும். 22 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளை சார்ந்திருப்பவராகவே கணக்கிடப்படுவார். கல்யாணம் முடிந்துவிட்டதா, பயணத்தைத் தள்ளிப்போட்டு முதலில் எழுத்தில் அறிவியுங்கள். சில மாதத் தாமதத்தைத் தாங்கிக்கொள்ளலாம். ஆயுள் முழுக்க நீளும் பிரிவைத் தாங்க முடியாது.

கொண்டுவர வேண்டிய தாள்கள்: பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கல்விச் சான்றுகள், வேலை அனுபவக் கடிதங்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, ஓட்டுநர் உரிம அலுவலகத்திலிருந்து நீங்கள் எத்தனை ஆண்டாக வண்டி ஓட்டுகிறீர்கள் என்பதற்கான கடிதம். தமிழிலோ சிங்களத்திலோ உள்ளவற்றுக்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். கூட்டாட்சித் திறன்மிகு பணியாளர் (ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர்) திட்டத்தில் வருபவர்கள் வங்கியின் பண இருப்புக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் என்னும் சிக்கல்

இது தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல், எந்த அரசு வழிகாட்டியிலும் சரியாக விளக்கப்படுவதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தை பெயர்தான் உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், கனடியப் படிவங்களில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், இயற்பெயர் இடம் வெறுமையாக நிற்கும். பிறகு வங்கியில், மருத்துவ அட்டையில், வரிக் கணக்கில் ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு விதமாக அந்த வெறுமையை நிரப்பும்.

கடவுச்சீட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் இன்னொரு தொல்லை உண்டு. கணவனுக்குக் குடும்பப் பெயர் அவருடைய அப்பா பெயர், மனைவிக்கு அவருடைய அப்பா பெயர், பிள்ளைக்கு இந்தக் கணவனின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள்! தாய் மட்டும் பிள்ளையோடு பயணம் செய்யும்போது, ‘இது உங்கள் பிள்ளைதானா’ என்று எல்லையில் கேட்பார்கள். கேட்பது அவர்கள் கடமை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், கூட வராத பெற்றோரின் சம்மதக் கடிதமும் கையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

முடிந்தால் விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் காலம் கடந்துவிட்டால், லேண்டிங் தாளில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் ஓர் எழுத்து மாறாமல் பின்பற்றுங்கள்.

இறங்கும் நாள்

எல்லைச் சேவை முகமையின் அதிகாரி தாளைப் பார்ப்பார். குடும்ப நிலை மாறியிருக்கிறதா, குற்ற வழக்கு ஏதும் உண்டா என்று கேட்பார். தம் முன்னால் உங்களிடம் கையெழுத்து வாங்குவார். அவர் தாளைத் திருப்பித் தரும் அந்த நிமிடத்தில், பின்னால் வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் அவசரப்படாதீர்கள். பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு, இறங்கிய தேதி ஆகிய நான்கையும் ஒவ்வொருவர் தாளிலும் விரல் வைத்துப் படியுங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்வதுதான் எளிது. வெளியே வந்த பிறகு திருத்த விண்ணப்பம், காத்திருப்பு என்று இழுக்கும்.

ஏற்கெனவே மாணவராகவோ பணியாளராகவோ கனடாவுக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி கிடையாது. இணையத் தளத்தில் உறுதிப்படுத்தி, படத்தை ஏற்றினால் மின்னணுத் தாள் வந்துவிடும். உடனே அச்சிட்டு வையுங்கள்.

10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாகவோ காசோலையாகவோ கொண்டுவந்தால் அறிவிக்க வேண்டும். கொண்டுவருவது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம், பணம் பறிமுதலாகும். பொருள்களுக்கும் இரண்டு பட்டியல் தயாரியுங்கள்: இப்போது கையில் உள்ளவை, பின்னால் வரப்போகிறவை. வருவதற்கு முன்பே உங்களுக்குச் சொந்தமாகி, உங்கள் கையில் இருந்து, நீங்கள் பயன்படுத்தியவையாக இருந்தால் வரி இல்லாமல் கொண்டுவரலாம். வரி இன்றி வந்த பொருளை 12 மாதத்துக்குள் விற்றால் வரி கட்ட வேண்டும். வருவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் மணமானவர்களுக்குத் திருமணப் பரிசுகளைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

நகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாலிக்கொடி, காப்பு, அட்டியல் எல்லாவற்றையும் ‘தங்க நகைகள்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுதி, நகைக் கடையிலிருந்து எடையும் மதிப்பும் குறித்த தாள் வாங்கி, கடைக்காரர் கையெழுத்தும் தேதியும் இட்ட படத்தோடு வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து ஊர்க் கல்யாணத்துக்கு அதே நகையைப் போட்டுச் சென்று திரும்பும்போது, ‘இது புதிதாக வாங்கியதல்ல’ என்று காட்ட அந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும்.

முதல் சில வாரங்கள்

முதல் வேலை சோசல் இன்சூரன்ஸ் எண். ஒன்பது இலக்கம், சர்வீஸ் கனடா அலுவலகத்தில் இலவசம். இது இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது. முன்பு தற்காலிக அனுமதியில் இருந்தவர்களின் எண் 9இல் தொடங்கும், பி.ஆர். ஆனதும் அதை மாற்றிப் புதிய எண் பெற வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். இந்த எண்ணை வாடகை வீட்டு உரிமையாளரிடமோ கைப்பேசிக் கடையிலோ கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

மருத்துவ அட்டை மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஒன்டாரியோவில் முன்பு மூன்று மாதக் காத்திருப்பு இருந்தது. 2020 மார்ச்சில் அது நீக்கப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதியும் அதன் பின் இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத் தனியார் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணி வீட்டில் இருந்தால் இதில் யோசிக்கவே கூடாது.

பி.ஆர். அட்டை தபாலில் வரும். முதல் அட்டைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இறங்கிய 180 நாள்களுக்குள் கனடா முகவரியைக் கொடுத்திருக்க வேண்டும். தவறினால் 50 டாலர் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு ஒரு மாதத்தில் வேறு வீட்டுக்குப் போனவர்களின் அட்டைகள் எத்தனையோ தொலைந்திருக்கின்றன. ஆறு மாதம் மாறாத முகவரி எதுவோ அதைக் கொடுங்கள்.

ஒன்டாரியோவில் ஊர் ஓட்டுநர் உரிமத்தில் 60 நாள்தான் ஓட்டலாம். வீடு மாறினால் ஓட்டுநர் உரிமத்துக்கு ஆறு நாளுக்குள்ளும் மருத்துவ அட்டைக்கு 30 நாளுக்குள்ளும் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகள் நலத்தொகைக்கு ஆர்.சி. 66 படிவமும் புதிதாக வந்தோருக்கான அதன் இணைப்பும் உடனே அனுப்புங்கள். வேலை கிடைத்துவிட்டதே, நமக்குத் தர மாட்டார்கள் என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். குடியமர்வு உதவி நிலையங்களில் ஆங்கில வகுப்பும் வேலை தேடும் உதவியும் பி.ஆர். உள்ளவர்களுக்கு இலவசம், 211 என்ற எண்ணை அழைத்தால் அருகில் உள்ளதைச் சொல்வார்கள்.

730 நாள்

குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒவ்வோர் ஐந்தாண்டு காலத்திலும் குறைந்தது 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டு என்பது அட்டையில் அச்சிட்ட தேதியிலிருந்து எண்ணப்படுவது அல்ல. அதிகாரி உங்களைப் பார்க்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார். வந்து ஐந்தாண்டு ஆகாதவர்களிடம், மீதியுள்ள நாளில் 730ஐ எட்ட முடியுமா என்று பார்ப்பார்.

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2021 ஜூன் 1இல் இறங்கி, ஜூன் 15இல் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். அங்கே நல்ல வேலை, விட மனமில்லை. 2024 ஜூன் 10இல் திரும்பி வருகிறார். முதலில் இருந்தது 15 நாள். 2024 ஜூன் 10 முதல் 2026 மே 31 வரை 721 நாள். கூட்டினால் 736. அதாவது, இந்த இரண்டு ஆண்டில் அவரிடம் மிச்சம் இருப்பது ஆறு நாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று செய்தி வந்தால் போவதா வேண்டாமா என்று இரவெல்லாம் விரல் விட்டு எண்ண வேண்டிய நிலை அது. இறங்கிய உடனே திரும்பிப் போக வேண்டிய தேவை உள்ளவர்கள், இந்தக் கணக்கை விமான டிக்கெட் எடுக்கும் முன்பே போடுங்கள்.

வெளிநாட்டில் இருந்தும் நாள் கணக்கில் சேர்வது உண்டு: கனடியக் குடியுரிமை உள்ள கணவன் அல்லது மனைவியோடு வாழ்ந்தால், அல்லது கனடிய நிறுவனமோ அரசோ உங்களை முழுநேர வேலைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால். ஊரில் இருந்துகொண்டு கனடாவில் பெயருக்கு ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து ‘கனடிய நிறுவன வேலை’ என்று காட்டும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

நாள் குறைந்துவிட்டால்? நீங்கள் கனடாவுக்குள் இருந்தால், 730 நிறையும் வரை வெளியே போகாமலும், அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பிக்காமலும், யாரையும் ஸ்பான்சர் செய்யாமலும் இருப்பதே நல்லது. அட்டை காலாவதியானால் வதிவுரிமை போய்விட்டதாகப் பொருள் இல்லை. அட்டை ஒரு சான்று மட்டுமே. அதிகாரி முறைப்படி முடிவெடுத்து, அது இறுதியாகும் வரை உங்கள் உரிமை இருக்கிறது. ஆனால் செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் வெளிநாட்டிலிருந்து விமானம் ஏற முடியாது. அங்குள்ள விசா அலுவலகத்தில் பயண ஆவணம் வாங்க வேண்டும், அப்போது நாள் கணக்கைத் துருவுவார்கள். மறுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கனடாவுக்குள் வெளியேற்ற உத்தரவு வந்தால் 30 நாள். நோய், பெற்றோரைப் பராமரித்தது, பிள்ளைகளின் நலன் போன்ற மனிதாபிமானக் காரணங்களையும் கேட்பார்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தாள் வேண்டும். இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்.

ஆகவே முதல் நாளே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். போன தேதி, வந்த தேதி, எந்த நாடு, எதற்காக. அமெரிக்காவுக்கு ஒரு நாள் காரில் போய் வந்ததையும் எழுதுங்கள். நீங்கள் மறந்தாலும் அரசு மறக்காது. விமானத்தில் வெளியேறும் பதிவும் இப்போது அவர்களிடம் இருக்கிறது. பழைய கடவுச்சீட்டுகளை எறியாதீர்கள். 65 வயதில் முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் பெரியவர்களிடம் ‘எப்போது கனடா வந்தீர்கள், சான்று எங்கே’ என்று கேட்கிறார்கள். முப்பது ஆண்டுக்கு முந்தைய லேண்டிங் தாளை, மடித்த கோடுகளில் கிழிந்து, பிளாஸ்டிக் பைக்குள் நான்கு துண்டாக ஒரு அம்மா என் முன்னால் அடுக்கிக் காட்டினார். அது இருந்ததால் அவருடைய வேலை ஒரே நாளில் முடிந்தது.

வரி

வேலை கிடைக்காமல் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் ஏப்ரல் 30க்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள், கணவனும் மனைவியும் இருவருமே. செய்யாவிட்டால் பிள்ளைகள் நலத்தொகை நின்றுவிடும்.

இங்கே குடியமர்ந்த நாளிலிருந்து உலகில் எங்கிருந்து வரும் வருமானமும் கனடாவில் கணக்குக் காட்ட வேண்டியது. ஊரில் உள்ள வைப்புத்தொகை வட்டி, வாடகை, எல்லாமே. இந்தியாவில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கின் வட்டிக்கு வரி இல்லை என்பதால் இங்கும் இல்லை என்று நினைப்பது தவறு. வாடகைக்கு விட்ட வீடு, பங்குகள், வைப்புத்தொகை என வெளிநாட்டுச் சொத்தின் மொத்த அடக்கவிலை 1,00,000 டாலரைத் தாண்டினால் டி1135 படிவம் வேண்டும். வந்த முதல் ஆண்டுக்கு மட்டும் விலக்கு. மறந்தால் நாளுக்கு 25 டாலர் வீதம் 2,500 டாலர் வரை அபராதம் ஏறும்.

இறங்கிய நாளில் உங்கள் சொத்தின் சந்தை மதிப்பு என்னவோ, அந்த விலைக்கு அதை அன்று வாங்கியதாகவே கனடா கருதும். பின்னாளில் விற்றால் அதற்குப் பிறகு ஏறிய மதிப்புக்குத்தான் வரி. ஆகவே புறப்படும் முன் மனையையும் வீட்டையும் மதிப்பிட்டுத் தாள் வாங்கி வையுங்கள்.

உரிமை பறிபோகும் வேறு வழிகள்

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. 2018 டிசம்பர் முதல் அதற்கான உச்சபட்சத் தண்டனை பத்து ஆண்டு. அதனால் அது கடுங்குற்ற வகையில் சேர்ந்து, பி.ஆர். உள்ளவரை நாட்டைவிட்டு வெளியேற்றும் காரணம் ஆகலாம். நீதிமன்றம் உங்களுக்கு அபராதம் மட்டுமே விதித்தாலும் இந்த ஆபத்து இருக்கிறது. வீட்டுச் சண்டையில் கைநீட்டிக் காவல்துறை வந்துவிட்டாலும் அப்படித்தான்: குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் பேசுங்கள்.

அகதியாக ஏற்கப்பட்டுப் பி.ஆர். ஆனவர்கள் இதை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். 2012 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, எந்த நாட்டுக்குப் பயந்து வந்தீர்களோ அந்த நாட்டின் கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலோ அதில் பயணம் செய்தாலோ அங்கேயே போய் வந்தாலோ, அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டதாகக் கருதி அகதி நிலையை முடிவுக்குக் கொண்டுவர அரசு வழக்குத் தொடரலாம். அது நடந்தால் பி.ஆரும் சேர்ந்தே போகும். குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் வழியும் இல்லை. ‘இப்போதுதான் நிலைமை சரியாகிவிட்டதே, கோவில் திருவிழாவுக்குப் போய் வருகிறேன்’ என்று கிளம்பும் அண்ணன்மார் எத்தனையோ பேர். குடியுரிமை எடுக்கும் வரை போகாதீர்கள். வேறு நாடுகளுக்குக் கனடா தரும் அகதிப் பயண ஆவணத்தில் போங்கள்.

ஸ்பான்சரில் வந்த பெண்களுக்கு ஒரு செய்தி. பி.ஆர். கிடைத்த பின் ஸ்பான்சர் செய்த கணவரோடு இரண்டு ஆண்டு சேர்ந்து வாழாவிட்டால் அது போய்விடும் என்ற நிபந்தனை 2017இல் நீக்கப்பட்டது. கணவர் அடித்து, நீங்கள் வீட்டைவிட்டு வெளியேறினால் உங்கள் வதிவுரிமை போகாது. ‘உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்று யார் மிரட்டினாலும் அதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை. ஸ்பான்சர் செய்தவர் மூன்று ஆண்டுக்குத் துணையைப் பராமரிக்கும் பொறுப்பை எழுதிக் கொடுத்திருக்கிறார். பெற்றோருக்கானால் 20 ஆண்டு. கியூபெக்கில் மட்டும் இந்தக் காலங்கள் மாறும்.

பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவர், வழக்கறிஞராகவோ உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ இருக்கிறாரா என்று இணையப் பட்டியலில் பாருங்கள். அவர் எழுதிய பொய்க்கும் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பொறுப்பு.

குடியுரிமை வரை

அட்டை முடிய ஒன்பது மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். பலருக்கு அதற்குத் தேவையே இராது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்தாண்டில் 1,095 நாள் கனடாவில் இருந்திருந்தால் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். பி.ஆர். ஆவதற்கு முன் மாணவராகவோ பணியாளராகவோ இருந்த நாள்கள் ஒன்றுக்கு அரை நாளாக, அதிகபட்சம் 365 நாள் வரை சேரும். அந்த ஐந்தாண்டில் மூன்று ஆண்டுக்கு, சட்டப்படி தேவையானால், வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மொழித் திறன் சான்றும், 20 கேள்விக்கு 15 சரியாக விடை சொல்ல வேண்டிய தேர்வும் உண்டு. 1,095 நிறைந்த மறுநாளே அனுப்பாமல், ஒன்றிரண்டு வாரம் கூடுதலாக வைத்து அனுப்புங்கள். ஒரு பயணத் தேதி பிசகினாலும் விண்ணப்பம் திரும்பாது.

உறுதிமொழி எடுக்கும் நாளில் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டுத்தான் ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். இலங்கையர் இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். விழா நேரில் நடந்தால் பி.ஆர். அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், இணையவழியாக நடந்தால் உங்கள் கையாலேயே வெட்டச் சொல்வார்கள். அதற்கு முந்தைய நாள் அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து, லேண்டிங் தாளின் படியோடு அதே பிளாஸ்டிக் பையில் வைத்துவிடுங்கள்.